சுண்டெலியின் நுரையீரல்: பாதிப்பையும் சிகிச்சையையும் ஆராயப் புதிதாக வருபவர்களுக்கு

"இந்த மருந்து நுரையீரல் பாதிப்பில் வேலை செய்கிறதா என்று எலியில் பார்த்துவிடு" என்று ஆய்வு வழிகாட்டி சொன்னதும் பெரும்பாலான மாணவர்கள் முதலில் தேடுவது டோஸைத்தான். எத்தனை மில்லிகிராம் எல்.பி.எஸ். (அழற்சியைத் தூண்டும் பாக்டீரியாப் பொருள்), எத்தனை மணி நேரம் கழித்து நுரையீரலை எடுப்பது என்று பழைய கட்டுரைகளைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன்பு விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்த நோயாளியை மனத்தில் வைத்து இந்தச் சோதனையைச் செய்யப் போகிறீர்கள்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரோடு படுத்திருப்பவர் என்றால், அவருடைய நோயின் பெயர் ஏ.ஆர்.டி.எஸ்., அதாவது கடும் மூச்சுத்திணறல் நோய்த்தொகுதி. 1967-ல் ஆஷ்பாவும் அவருடைய சகாக்களும் லான்செட் இதழில் 12 நோயாளிகளைப் பற்றி எழுதியபோதுதான் இந்த நோய் ஒரு தனித் தொகுதியாக மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. நிமோனியா, ரத்தத்தில் பரவிய தொற்று, வயிற்று அமிலம் மூச்சுக்குழாய்க்குள் போவது, விபத்துக் காயம், கணைய அழற்சி என்று காரணங்கள் பல. முடிவு மட்டும் ஒன்று: காற்று நுண்ணறைகளுக்கும் ரத்த நுண்குழாய்களுக்கும் இடையிலுள்ள மெல்லிய சுவர் கசிந்து, காற்று இருக்க வேண்டிய இடத்தில் புரதம் நிறைந்த நீர் நிரம்பிவிடுகிறது. மாதக்கணக்கில் மூச்சு குறைந்துகொண்டே வரும் நார்த்தழும்பு நோயாளிதான் உங்கள் மனத்தில் இருக்கிறார் என்றால் கதை முற்றிலும் வேறு, மாதிரியும், அதாவது அந்த நோயைப் போன்ற நிலையை விலங்கில் உண்டாக்கும் முறையும், வேறு.

மாதிரியைத் தேர்ந்தெடுப்பது

எந்த மாதிரியும் நோயை முழுதாகக் காட்டாது. ஒவ்வொன்றும் நோயின் ஒரு துண்டைக் காட்டும். எந்தத் துண்டு வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் தேர்வு எளிதாகிவிடும்.

எல்.பி.எஸ். என்பது கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் பொருள். மூச்சுக்குழாய் வழியாகக் கொடுத்தால் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் நுரையீரலுக்குள் குவிகின்றன; 24 முதல் 48 மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு தணிந்துவிடுகிறது. செய்வது எளிது, செலவு குறைவு, ஒரே மாதிரி வரும். அழற்சி எப்படித் தொடங்குகிறது, எப்படி அடங்குகிறது என்று பார்க்க ஏற்றது. ஆனால் நுண்ணறைச் சுவருக்கு ஏற்படும் சேதம் பெரும்பாலும் லேசானதுதான். மனித நோயாளியின் நுரையீரலில் காணப்படும் ஹையலின் படலத்தை (நுண்ணறைச் சுவரில் படியும் புரதப் படலம்) எல்.பி.எஸ். கொடுத்த சுண்டெலியிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

சுவரின் சேதம்தான் உங்கள் கேள்வி என்றால் அமிலம் நல்லது. வயிற்று அமிலம் நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று மெண்டல்சன் 1946-லேயே முயல்களில் காட்டிவிட்டார். வென்டிலேட்டர் தரும் காயத்தை ஆராய்பவர்கள் அதிக அழுத்தத்தில் காற்றைச் செலுத்துகிறார்கள். ஒலியிக் அமிலம் கொழுப்பு அடைப்பைப் போன்ற காயத்தைத் தருகிறது. ஆடு, பன்றி போன்ற பெரிய விலங்குகளில்தான் அதைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். உயிருள்ள பாக்டீரியாவைக் கொடுப்பது நிஜத்துக்கு மிக அருகில் வரும். அதற்குரிய உயிர்ப்பாதுகாப்பு வசதி உங்கள் ஆய்வகத்தில் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பாராகுவாட் களைக்கொல்லியும் நுரையீரலைத் தாக்குவதுதான். அந்த விஷத்தை அருந்தியவர்களைக் காப்பாற்றும் வழியைத் தேடுகிறீர்கள் என்றால் ஒழிய, பொதுவான மாதிரியாக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கையாளும் உங்களுக்கும் அது ஆபத்து.

நார்த்தழும்புக்கு ப்ளியோமைசின். புற்றுநோய் மருந்தான அது, எடுத்துக்கொண்ட சில நோயாளிகளின் நுரையீரலில் தழும்பை ஏற்படுத்தியது. அந்தப் பக்கவிளைவையே ஆய்வாளர்கள் மாதிரியாக மாற்றிக்கொண்டார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் ஒரு வாரம் நடப்பது அழற்சி. அதற்குப் பிறகுதான் தழும்பு வளர்கிறது. முதல் நாளிலிருந்தே மருந்து கொடுத்துவிட்டு 21-ஆம் நாளில் "தழும்பு குறைந்தது" என்றால், நீங்கள் தடுத்தது அழற்சியாக இருக்கலாம். தழும்பைக் குணப்படுத்தும் மருந்து என்று சொல்ல வேண்டுமானால் அழற்சி அடங்கிய பிறகே, ஏறக்குறைய 7 முதல் 10 நாள் கழித்தே தொடங்க வேண்டும். இளம் சுண்டெலிகளில் இந்தத் தழும்பு காலப்போக்கில் தானாகவே மறையத் தொடங்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

விலங்கு, இனம், வயது

சுண்டெலி மலிவு, மரபணு மாற்றிய வகைகளும் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் அது குட்டி மனிதன் அல்ல. அதன் இடது நுரையீரல் ஒரே மடல். வலதில் நான்கு மடல்கள். மனித ரத்தத்தின் வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோபில்கள். சுண்டெலியில் அவை சிறுபான்மை. எல்.பி.எஸ்.ஸை அது தாங்கும் விதமே வேறு. மனிதத் தன்னார்வலர்களுக்கு நரம்பு வழியாக, எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் கொடுத்தாலே குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். சுண்டெலிக்கோ மில்லிகிராம் கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இனம் ஒரு சின்ன விவரம் என்று நினைத்தால் மொத்தச் சோதனையும் போய்விடும். சி3எச்/ஹெச்இஜே என்ற இனத்துக்கு எல்.பி.எஸ்.ஸை உணரும் டி.எல்.ஆர்.4 ஏற்பியில் மரபணுப் பிழை இருப்பதால், அது எல்.பி.எஸ்.ஸைக் கண்டுகொள்ளவே செய்யாது. டி.எல்.ஆர்.4 என்ன வேலை செய்கிறது என்பதே இந்த இனத்தை வைத்துத்தான் 1998-ல் தெரியவந்தது. அந்தக் குழுவை நடத்திய ப்ரூஸ் பாய்ட்லர் 2011-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ப்ளியோமைசினுக்கு சி57பிஎல்/6 இனம் நன்றாகத் தழும்பும். பால்ப்/சி அவ்வளவாகத் தழும்பாது.

ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகள் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள். சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்களும் ஏராளம். நாம் எடுத்துக்கொள்வதோ எட்டு வார வயதுள்ள, ஆரோக்கியமான, பெரும்பாலும் ஆண் சுண்டெலி. முதல் சோதனைக்கு அது போதும். இரு பாலிலும் வயதான விலங்கிலும் மருந்தைச் சோதிக்காமல் கட்டுரையின் கடைசிப் பத்தியில் மனித நோயாளிகளைப் பற்றிப் பேசாதீர்கள்.

அனுமதி

இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், அதன் கீழ் 1998-ல் வந்த விதிகளும் இதற்குப் பொருந்தும். நிறுவனம் சி.சி.எஸ்.ஈ.ஏ. என்ற, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் திட்டத்தை நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு அங்கீகரிக்க வேண்டும். பெரிய விலங்குகள் என்றால் மத்தியக் குழுவுக்கே போக வேண்டும். அனுமதி கடிதம் கைக்கு வரும் முன் ஒரு விலங்கைக்கூடத் தொடாதீர்கள். முன்னோட்டச் சோதனைக்கும் அனுமதி தேவைதான்.

விண்ணப்பத்தில் எல்லாரும் திணறும் இடம், "ஏன் இத்தனை விலங்குகள்?" என்ற கேள்வி. "முந்தைய ஆய்வுகளில் குழுவுக்கு ஆறு எடுத்திருக்கிறார்கள்" என்பது பதில் அல்ல, பழக்கம். எந்த அளவீடு முக்கியம், அதில் எவ்வளவு வேறுபாடு வந்தால் பொருட்படுத்துவீர்கள், விலங்குக்கு விலங்கு அது எவ்வளவு மாறுபடும் என்ற மூன்றையும் வைத்து ஒரு புள்ளியியலாளரோடு உட்கார்ந்து கணக்கிடுங்கள். ரஸலும் பர்ச்சும் 1959-ல் முன்வைத்த மூன்று கோட்பாடுகளை, அதாவது மாற்று வழி, எண்ணிக்கைக் குறைப்பு, வலிக் குறைப்பு ஆகியவற்றைக் குழு கேட்கும். எண்ணிக்கையைக் குறைக்கிறேன் என்று, விடையே கிடைக்காத அளவுக்குக் குறைப்பதும் விலங்குகளை வீணடிப்பதுதான்.

எந்த நிலையில் விலங்கின் துன்பத்தை முடித்துவைப்பீர்கள் என்பதையும் எழுத வேண்டும். எடை 20 சதவீதம் குறைவது, உடல் வெப்பம் விழுவது, கூன் போட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பது, தொட்டாலும் நகராமல் இருப்பது போன்றவை வழக்கமான எல்லைகள். தானாகச் சாகட்டும் என்று காத்திருப்பதை எந்த நல்ல குழுவும் ஏற்காது. வலிநிவாரணி அழற்சியை மாற்றிவிடுமே என்ற கவலை நியாயமானதுதான். அதற்காக வலிநிவாரணியை விட்டுவிடாமல், கால்நடை மருத்துவரோடு பேசி, எல்லாக் குழுக்களுக்கும் ஒரே மாதிரி கொடுங்கள்.

மருந்தை எப்போது கொடுப்பது

இந்தத் துறையில் ஏமாற்றத்துக்குப் பெரிய காரணம் இதுதான் என்பேன். மருந்தை ஏழு நாள் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, எட்டாம் நாள் எல்.பி.எஸ். கொடுத்து, ஒன்பதாம் நாள் நுரையீரலைப் பார்த்து, "பாதுகாக்கிறது" என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆடாதோடையிலிருந்து மஞ்சள்வரை மூலிகைச் சாறுகளை வைத்துச் செய்யப்படும் ஆய்வேடுகளில் இந்த வடிவம் ஏறக்குறைய அச்சு வார்த்ததுபோல இருக்கும். தனக்கு அடுத்த வாரம் ஏ.ஆர்.டி.எஸ். வரப்போகிறது என்று தெரிந்து எந்த நோயாளியும் மருந்து சாப்பிட ஆரம்பிப்பதில்லை. மூச்சு முட்டிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்.

ஆகவே குறைந்தது ஒரு குழுவுக்காவது, காயம் ஏற்பட்டு, அது ஏற்பட்டது என்று அளந்து உறுதி செய்யக்கூடிய நேரம் கடந்த பின் மருந்தைத் தொடங்குங்கள். எல்.பி.எஸ். மாதிரியில் சில மணி நேரம் கழித்து. விளைவு சிறிதாகும், சில சமயம் காணாமலே போகும். அதுவும் ஒரு விடைதான்.

விலங்கில் நல்ல முடிவு தந்து, மனிதரிடம் தோற்றவற்றின் பட்டியல் நீளமானது. ஆஸ்துமா மருந்தான சால்புடமால் நுண்ணறைகளிலிருந்து நீரை வெளியேற்றும் வேகத்தைக் கூட்டுகிறது என்று விலங்குகளில் தெளிவாகக் காட்டியிருந்தார்கள். பிரிட்டனில் நோயாளிகளுக்கு அதை நரம்பு வழியாகக் கொடுத்துப் பார்த்த பால்ட்டி-2 ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 2012-ல் வெளியான முடிவுகளின்படி 28 நாளில் இறந்தவர்கள் மருந்துக் குழுவில் 34 சதவீதம், மற்றக் குழுவில் 23 சதவீதம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின்களும் 2014-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் பலன் தரவில்லை.

எலியிலிருந்து நேராக மனிதருக்குப் போய் உயிர் காத்த கதையும் உண்டு. 1974-ல் வெப்பும் டியர்னியும் எலிகளுக்கு மிக அதிக அழுத்தத்தில் வென்டிலேட்டர் வைத்தபோது, ஒரு மணி நேரத்துக்குள் நுரையீரல் நீர் கோத்துக் கெட்டது. மூச்சு விடும் முடிவிலும் கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் வைத்தால் சேதம் வெகுவாகக் குறைந்தது. காற்றைத் திணிக்கும் முறையே நுரையீரலைக் கிழிக்கலாம் என்ற அந்த எண்ணம் வளர்ந்து, 2000-ல் அமெரிக்காவின் ஆர்ட்ஸ்நெட் குழு 861 நோயாளிகளில் நடத்திய ஆய்வாக வந்து நின்றது. மூச்சு ஒன்றுக்கு, உயரத்தை வைத்துக் கணித்த உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேரும், 6 மில்லிலிட்டர் கொடுத்தவர்களில் 31 சதவீதம் பேரும் இறந்தார்கள். இந்த மாதிரி ஏன் வென்றது என்று யோசியுங்கள். எலிக்கு நேர்ந்த காயமும் நோயாளிக்கு நேர்ந்துகொண்டிருந்த காயமும் ஒரே விதமானவை. இரண்டுமே வென்டிலேட்டரால் வந்தவை.

டோஸைப் பற்றி ஒரு சிறு கணக்கு. சுண்டெலிக்கான மில்லிகிராம்/கிலோ அளவை 12.3-ஆல் வகுத்தால் மனிதருக்கான உத்தேச அளவு கிடைக்கும். சுண்டெலிக்கு 500 மில்லிகிராம்/கிலோ கொடுத்தீர்கள் என்றால், 60 கிலோ மனிதருக்கு அது சுமார் 2.4 கிராம். இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று தொடங்கும் முன்பே பாருங்கள்.

சோதனை நாளுக்கு முன்

விலங்குகள் வந்து சேர்ந்தபின் குறைந்தது ஒரு வாரம் பழகவிடுங்கள். ஒரு கூண்டு முழுவதும் ஒரே குழு என்று வைத்தால், கூண்டின் விளைவா மருந்தின் விளைவா என்று பிரிக்க முடியாது. கூண்டுக்குள்ளேயே குலுக்கல் முறையில் பிரிப்பது மேல். ஆனால் சுண்டெலிகள் கழிவைத் தின்னும். மருந்து அதில் வெளியேறும் என்றால் பக்கத்து விலங்குக்கும் போய்ச் சேரும். அப்போது கூண்டையே ஓர் அலகாக வைத்துத் திட்டமிடுங்கள்.

எல்.பி.எஸ். ஒரே வகையாக, ஒரே லாட் எண்ணாக, மொத்தத் திட்டத்துக்கும் போதுமான அளவு வாங்கிவிடுங்கள். லாட்டுக்கு லாட் வீரியம் மாறும். கரைசலில் அது திரண்டுகொள்ளும், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு எடுக்க வேண்டும். ஊசியாகப் போடும் மூலிகைச் சாற்றில் எல்.பி.எஸ். கலப்பு இருக்கிறதா என்றும் பரிசோதியுங்கள். இருந்தால், முன்கூட்டியே போட்ட அந்தச் சிறு அளவே உடலைப் பழக்கிவிட்டு, பிறகு வரும் பெரிய அளவைத் தாங்கவைக்கும். உங்கள் சாறு ஒன்றும் செய்யாமலே மருந்தாகிவிடும். மருந்தைக் கரைக்கும் திரவத்துக்கும் தனிக் கட்டுப்பாட்டுக் குழு வேண்டும், டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானுக்கே அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு.

வாய்வழி மருந்தைக் குழல் ஊசியால் வயிற்றுக்குள் செலுத்தும்போது கை தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால், அதுவே ஒரு நுரையீரல் காயம். வேறு உறுப்பை ஆராய்பவருக்கு இது ஒரு விபத்து. உங்களுக்கு ஒரு பொய்த் தரவு. கை பழகும்வரை அனுபவசாலியின் மேற்பார்வையில் செய்யுங்கள்.

மூச்சுக்குழாய்க்குள் செலுத்துவது

அறுவை இல்லாத எளிய முறை இது. கீட்டமின், சைலசின் மயக்கத்தில் சுண்டெலியைச் சாய்பலகையில், மேல் முன்பற்களை ஒரு நூலில் மாட்டி, நிமிர்ந்த நிலையில் தொங்கவிடுவார்கள். முனை மழுங்கிய இடுக்கியால் நாக்கை மெல்ல வெளியே இழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாக்கு வெளியே இருக்கும்வரை அதனால் விழுங்க முடியாது. தொண்டையின் பின்புறத்தில் 50 மைக்ரோலிட்டர் கரைசலை விட்டு, மூக்கை விரலால் பொத்தினால், வாய் வழியாக மூச்சு இழுத்தே ஆக வேண்டும். திரவத்தின் மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். காதைக் கிட்டக் கொண்டுபோனால் மெல்லிய குமிழ்ச் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று மூச்சு எடுக்கும்வரை நாக்கை விடக் கூடாது. மயக்கம் மிக ஆழமானால் மூச்சு நின்றுவிடும், போதாவிட்டால் விழுங்கிவிடும். முதலில் நிறமுள்ள சாயக் கரைசலை விட்டு, இரண்டு நுரையீரலிலும் பரவியிருக்கிறதா என்று பார்த்துக் கையைப் பழக்குவது நல்லது.

முடிந்ததும் வெப்பப் பலகையில் படுக்கவைத்து, எழுந்து நடமாடும்வரை அருகில் இருங்கள். எல்லா விலங்குகளுக்கும் நாளின் ஒரே நேரத்தில் செய்யுங்கள். சுண்டெலி இரவில் விழித்திருக்கும் பிராணி. அதன் அழற்சியும் உடல் கடிகாரத்தோடு ஏறி இறங்கும்.

நுரையீரலை எடுப்பதும் அளப்பதும்

உயிர் நீக்கும் முறையே தரவைக் கெடுக்கலாம். கார்பன் டை ஆக்சைடு நுரையீரலில் ரத்தக் கசிவை ஏற்படுத்தும்; கழுத்தை முறித்தால் மூச்சுக்குழாய்க்குள் ரத்தம் வரும். மயக்க மருந்தை மிகையாகக் கொடுத்து, ரத்தத்தை வடித்து முடிப்பதே இந்த ஆய்வுக்குப் பொருத்தம்.

நுரையீரலை உள்ளே கழுவி எடுக்கும் அலசல் நீருக்கு, மூச்சுக்குழாயில் சிறு குழலைக் கட்டி, குளிர்ந்த உப்புக் கரைசலை 0.8 மில்லிலிட்டர் அளவில் செலுத்தி மெதுவாகத் திரும்ப இழுக்க வேண்டும். வெளியே வரும் நீரின் மேல் நுரை கட்டினால் மகிழுங்கள். நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் அது. நீங்கள் சரியான இடத்தைத்தான் கழுவியிருக்கிறீர்கள். செலுத்தியதில் எவ்வளவு திரும்ப வந்தது என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான சுண்டெலியின் அலசலில் கிட்டத்தட்ட எல்லாம் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்கள்தான். எல்.பி.எஸ். கொடுத்து 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் பல மடலுள்ள உட்கருவோடு நியூட்ரோபில்கள் கண்ணாடித் தகடு முழுக்க நிறைந்திருக்கும். செல்கள் போக மீந்த நீரில் புரதத்தை, முடிந்தால் ஆல்புமினை, அளந்தால் சுவர் எவ்வளவு கசிந்தது என்று தெரியும்.

அலசிய நுரையீரலைத் திசு ஆய்வுக்கும், நீர் எவ்வளவு கோத்திருக்கிறது என்று காட்டும் ஈர–உலர் எடை விகிதத்துக்கும் அனுப்பாதீர்கள். அதற்கு வேறு விலங்கோ, முன்கூட்டியே கட்டிவைத்த வேறு மடலோ வேண்டும்.

திசு ஆய்வில் புதியவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நுரையீரலை அப்படியே ஃபார்மலின் பாட்டிலில் போட்டால் அது சுருங்கி, ஆரோக்கியமான சுவரும் தடித்துத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு அழற்சி என்று மதிப்பெண் போட்டுவிடுவார்கள். ஃபார்மலின் பாட்டிலை 20 முதல் 25 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து, மூச்சுக்குழாய் வழியாக அந்த அழுத்தத்திலேயே நுரையீரலை விரித்துப் பதப்படுத்த வேண்டும். எல்லா விலங்குக்கும் ஒரே உயரம்.

நுரையீரல் காயம் என்று எதைச் சொல்லலாம் என்பதற்கு அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2011-ல் ஓர் அளவுகோல் வெளியிட்டது. திசு சேதம், சுவர்க் கசிவு, அழற்சி, செயல்பாட்டுக் குறைவு என்ற நான்கில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும் என்றது. நியூட்ரோபிலையும் இரண்டு சைட்டோகைனையும் (அழற்சியின் சமிக்ஞைப் புரதம்) மட்டும் அளந்தால் உங்களிடம் இருப்பது அழற்சிக்கான சான்று மட்டுமே. திசுவுக்கு மதிப்பெண் போடுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. "எனக்குப் பாரபட்சம் இல்லை" என்பவரிடமிருந்தும் லேபிளை மறைத்துவிடுங்கள்.

கணக்கு

ஆறு விலங்குகளில் நுண்ணோக்கியில் தலா 20 பார்வைப் புலங்களைப் பார்த்தால் மாதிரி எண்ணிக்கை 120 அல்ல, ஆறுதான். ஒரு விலங்கின் புலங்களைச் சராசரியாக்கி ஒரே எண்ணாகத் தாருங்கள். பெரிய இதழ்களில் வந்த கட்டுரைகளிலும் இந்தப் பிழையைக் காணலாம்.

இறந்த விலங்குகளையும் கவனியுங்கள். 72 மணி நேரத்தில் அலசல் எடுப்பது உயிரோடு இருந்தவற்றில்தான். மருந்து கொடுக்காத குழுவில் மோசமானவை முன்பே இறந்துவிட்டால், மிஞ்சியவை நலமாகத் தெரியும். நல்ல மருந்தும் பயனற்றதாகத் தோன்றும். இது தலைகீழாகவும் நடக்கும். எத்தனை விலங்குகளுடன் தொடங்கினீர்கள், எத்தனை இறந்தன, எதை ஏன் விலக்கினீர்கள் என்று ஒவ்வொரு குழுவுக்கும் எழுதிவிடுங்கள். விலக்கும் விதியைச் சோதனை தொடங்கும் முன்பே நோட்டில் தேதியிட்டுக் குறித்திருக்க வேண்டும்.

எழுதும்போது 2020-ல் திருத்தி வெளியிடப்பட்ட அரைவ் நெறிகளின் (விலங்கு ஆய்வுகளை எழுதுவதற்கான வழிகாட்டி) பத்து அத்தியாவசிய அம்சங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனம், பால், வயது, எல்.பி.எஸ். வகையும் லாட் எண்ணும், கொடுத்த நேரம், மயக்க மருந்து எல்லாம் முறைகள் பகுதியில் இருக்க வேண்டும். மீந்த மடல்களை மைனஸ் 80 டிகிரியில், விலங்கின் எண்ணோடும் தேதியோடும் சேமியுங்கள். மதிப்பீட்டாளர் இன்னொரு அளவீடு கேட்டால் புதிதாக விலங்குகளை எடுக்க வேண்டியிருக்காது.